கைக்கடிகாரம் எண்ணாத நடை: பெருமூளை வாதம் உள்ள பெரியவர்களும் ஸ்மார்ட்வாட்சும்

(எபிசோடின் எழுத்து வடிவம். கேட்பதற்காகப் பேசியதை வாசிப்பதற்கு ஏற்ற மாதிரி சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம். பேச்சு வழக்கைச் சில இடங்களில் அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ரெண்டு வகை ஆட்களுக்கானது. பெருமூளை வாதத்தோடு, அதாவது செரிப்ரல் பால்சியோடு வளர்ந்து, இன்று இருபது, முப்பது, நாற்பது வயதில் இருப்பவர்கள் முதல் வகை. அவர்களோடு இருக்கும் குடும்பத்தினரும் பிசியோதெரபிஸ்ட்களும் இரண்டாவது வகை. கையில் கட்டும் ஸ்மார்ட்வாட்ச், ஃபிட்னஸ் பேண்ட் மாதிரியான கருவிகள் இவர்களுக்கு எந்த அளவுக்கு உதவும், எங்கே ஏமாற்றும் என்பதுதான் விஷயம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, மென்பொருள் எழுதுகிற ஆள். அதனால் சிகிச்சை பற்றி அறிவுரை சொல்லப் போவதில்லை. அந்தக் கருவிக்குள் ஓடுகிற நிரல் எதை எண்ணுகிறது, எதை எண்ணாமல் விடுகிறது, ஏன் விடுகிறது என்பதை மட்டும் பிரித்துக் காட்டுகிறேன். முடிவு உங்களுடையது, உங்கள் மருத்துவருடையது.

குழந்தைப் பருவத்தோடு முடிவதில்லை

பெருமூளை வாதம் என்றதும் நம்ம ஊரில் ஒரு குழந்தையைத்தான் நினைக்கிறோம். போஸ்டரில் குழந்தை, முகாமில் குழந்தை, பயிற்சி மையத்தில் குழந்தை. ஆனால் அந்தக் குழந்தைகள் வளர்கிறார்கள். வாழ்க்கையின் பெரும்பகுதியைப் பெரியவர்களாகத்தான் வாழ்கிறார்கள்.

இதன் அடிப்படை என்ன? வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில், பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த கொஞ்ச காலத்திலோ ஏற்படும் பாதிப்பு. அந்தப் பாதிப்பு வயதாக ஆக அதிகமாவதில்லை. ஆனால் உடம்பு அப்படியே நிற்பதில்லை. இறுக்கமான தசையோடு, சாய்ந்த மூட்டோடு, முப்பது வருஷம் நடந்த உடம்பு அது. அதனால் இருபதுகளின் கடைசியிலிருந்தே வலி, சீக்கிரம் வரும் களைப்பு, முன்பு நடந்த தூரம் இப்போது முடியாமல் போவது, இதெல்லாம் பலருக்கு வருகிறது. உட்கார்ந்தே இருக்கும் நேரம் கூடினால் சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவற்றின் அபாயமும் கூடுகிறது.

சட்டத்தில் இது இருக்கிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் பெருமூளை வாதமும் ஒன்று. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2019-ல் பெருமூளை வாதம் உள்ள பெரியவர்களுக்கென்றே தனி மருத்துவ வழிகாட்டுதல் வெளியிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட உடலியக்க வழிகாட்டுதலில் மாற்றுத்திறனாளிகளுக்கும் பரிந்துரைகள் இருக்கின்றன. வாரம் 150 முதல் 300 நிமிஷம் மிதமான இயக்கம் என்பது அதன் இலக்கு. முடியாதவர்களுக்கு அது சொல்வது: கொஞ்சமாவது அசைவது, அசையாமலே இருப்பதைவிட நல்லது.

சரி, அசைகிறோமா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேதான் கருவி உள்ளே வருகிறது.

"நான் நடக்கறதே இதுக்குத் தெரியலையா?"

எனக்கு ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம். வேலை பெங்களூரு கம்பெனிக்கு, மாதத்தில் பாதி நாள் மலையிலிருந்து. எங்கள் ஊரில் ஒரு அண்ணன் இருக்கிறார். இரண்டு கால்களிலும் இறுக்கம், ஒரு பக்கம் அதிகம். ஒரு கையில் ஊன்றுகோல் பிடித்து நடப்பார். சொந்தக்காரர் ஒருவர் அவருக்கு ஒரு ஸ்மார்ட்வாட்ச் வாங்கிக் கொடுத்தார். நல்ல எண்ணத்தில்தான்.

இரண்டு வாரம் கழித்து என்னிடம் வாட்சைக் காட்டிக் கேட்டார்: "தம்பி, காலையில மேட்டுத் தெருவுல ஏறி ரேஷன் கடைக்குப் போய் வந்தேன். இது என்னமோ நான் வீட்டுக்குள்ளயே இருந்த மாதிரி காட்டுது. நான் நடக்கறதே இதுக்குத் தெரியலையா?"

சுருக்கமான பதில்: ஆமாம், தெரியவில்லை. வாட்ச் ரிப்பேர் இல்லை. அது வேறொருவரின் நடையை மனதில் வைத்து எழுதப்பட்ட நிரல்.

உள்ளே என்ன நடக்கிறது

எல்லா ஸ்மார்ட்வாட்சிலும் ஆக்ஸிலரோமீட்டர் என்று ஒரு சின்ன சிப் இருக்கிறது. மேல்-கீழ், முன்-பின், இடம்-வலம் என்று மூன்று திசைகளில் முடுக்கத்தை அளக்கும். மேசைமேல் சும்மா வைத்தாலும் பூமியின் ஈர்ப்பு காரணமாக 1 ஜி என்று காட்டும். நீங்கள் நடக்கும்போது, ஒவ்வொரு அடி தரையில் விழும்போதும் அந்த எண் ஏறி இறங்கும். வரைபடமாகப் போட்டால் அலை மாதிரி இருக்கும்.

இந்த அலையில் எது காலடி, எது சும்மா கையாட்டல் என்று கண்டுபிடிப்பதுதான் நிரலின் வேலை. ஒவ்வொரு கம்பெனியும் தன் நிரலை ரகசியமாக வைத்திருக்கும். ஆனால் அடிப்படை யோசனை பொதுவானது. முதலில் நடைக்குரிய வேகத்தில் வரும் அலைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வடிகட்டு. பிறகு ஒரு அளவுக்கு மேல் எழும் உச்சிகளை எடு. ஒரு உச்சிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறதா பார். தொடர்ந்து சில உச்சிகள் ஒழுங்காக வந்தால் மட்டும் "இது நடை" என்று முடிவு செய்து எண்ணத் தொடங்கு. பஸ் குலுங்குவதையும் பாத்திரம் தேய்ப்பதையும் நடை என்று எண்ணிவிடக் கூடாது, அதற்காகத்தான் இந்தக் கடைசி நிபந்தனை.

கேட்க நியாயமாகத்தான் இருக்கு. ஆனால் இதற்குள் நாலு ஊகங்கள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று, நடக்கும்போது கை வீசும். ஊன்றுகோலோ வாக்கரோ பிடித்த கை வீசாது. இறுக்கத்தால் மடங்கி நெஞ்சோடு ஒட்டியிருக்கும் கையும் வீசாது. வாட்ச் இருப்பது அந்தக் கையில்.

இரண்டு, இரண்டு காலும் ஒரே தாளத்தில் போடும். ஒரு பக்கம் அதிகம் பாதித்தவர்களுக்கு ஒரு அடி நீளம், ஒரு அடி குட்டை. ஒரு அடி அழுத்தமாக விழும், ஒரு அடி தேய்த்துக்கொண்டு வரும். அலையில் உச்சி ஒன்றுவிட்டு ஒன்றுதான் தெரியும்.

மூன்று, நடை ஓரளவு வேகமாக இருக்கும். மெதுவாக நடந்தால் அதிர்வு குறைவு, உச்சி அந்த அளவைத் தொடாது. மெதுவான நடையில் இந்தக் கருவிகள் குறைவாக எண்ணுவது ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம். பெருமூளை வாதம் இல்லாத முதியவர்களுக்கும் இதே பிரச்சினைதான்.

நான்கு, நடக்காதபோது உடம்பு சும்மா இருக்கும். பெருமூளை வாதத்தில் ஒரு வகை இருக்கிறது. அதில் கைகால்கள் தானாகவே அசையும், முறுக்கும். அப்படிப்பட்டவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நூற்றுக்கணக்கான "அடிகள்" வாங்கிவிடலாம். அண்ணனுக்குக் குறைத்துக் காட்டிய அதே வாட்ச் இவருக்குக் கூட்டிக் காட்டும்.

அதனால் "வாட்ச் எப்பவும் குறைச்சுத்தான் காட்டும், கொஞ்சம் சேர்த்துக்கலாம்" என்றும் பொதுவாகச் சொல்ல முடியாது. ஆளுக்கு ஆள் திசையே மாறும்.

காவலூரில் ஒரு இரவு

வடிகட்டுவது பற்றிச் சொன்னேன். எங்கள் மலையிலேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. காவலூர் வானியல் ஆய்வகம். இன்று வைணு பாப்பு பெயரில் இருக்கிறது. 1977 மார்ச் 10-ம் தேதி, யுரேனஸ் கோள் ஒரு விண்மீனுக்கு முன்னால் கடப்பதைப் பதிவு செய்ய அங்கே 1 மீட்டர் தொலைநோக்கியோடு காத்திருந்தார்கள். கோள் நெருங்குவதற்கு முன்பே விண்மீனின் ஒளி சில விநாடிகள் மங்கித் திரும்பியது. எதிர்பார்த்த நேரத்தில் வந்த மங்கல் இல்லை அது. மேகம் என்றோ கருவியின் தடுமாற்றம் என்றோ ஒதுக்கியிருக்கலாம். ஒதுக்கவில்லை. அதே இரவு வேறு இடங்களில் எடுத்த பதிவுகளையும் சேர்த்துப் பார்த்ததில், யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரிந்தது.

பொறியாளர்கள் வேண்டாத அலையை "நாய்ஸ்" என்று சொல்வோம். எது நாய்ஸ் என்பதை முடிவு செய்வது இயற்கை இல்லை, வடிகட்டியை எழுதுகிறவர். அண்ணனின் நடை அந்த வாட்சுக்கு நாய்ஸ். ஏனென்றால் அவரை மாதிரி நடப்பவர்களை வைத்து யாரும் அந்த அளவுகளைச் சரிபார்க்கவில்லை.

10,000 எங்கிருந்து வந்தது

எண்ணிக்கை ஒருபக்கம் இருக்கட்டும். இலக்கைப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 10,000 அடி என்பது மருத்துவ ஆராய்ச்சியில் பிறந்த எண் இல்லை. 1965-ல் ஜப்பானில் ஒரு கடிகாரக் கம்பெனி இடுப்பில் மாட்டும் அடி எண்ணும் கருவியை விற்றது. அதன் பெயர் "மான்போ கே", பத்தாயிரம் அடி மீட்டர் என்று பொருள். நல்ல விளம்பரப் பெயர், உலகம் முழுக்க இலக்காகிவிட்டது.

ஆராய்ச்சிக் கருவிகளிலும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. அங்கே அடிகளுக்குப் பதில் "கவுண்ட்" என்று ஒரு அலகு. நிமிஷத்துக்கு 1,952 கவுண்ட் தாண்டினால் "மிதமான இயக்கம்" என்பது பல வருஷங்களாகப் புழங்கும் ஒரு எல்லை. 1998-ல் வெளியான ஒரு ஆய்விலிருந்து வந்தது. ஆரோக்கியமான 50 பேரை ட்ரெட்மில்லில் நடக்கவும் ஓடவும் வைத்து எடுத்த கணக்கு. அந்த ஐம்பது பேருக்கு அது சரியாகவே இருக்கும். இறுகிய காலை இழுத்துக்கொண்டு மேடு ஏறுகிற ஒருவர், மூச்சு வாங்க, வியர்த்து, இதயம் வேகமாக அடித்தாலும், இடுப்பு அதிரும் அளவு குறைவாக இருந்தால் இந்த எல்லையைத் தொடவே மாட்டார். அவர் செய்தது "லேசான இயக்கம்" என்று பதிவாகும்.

இது வெறும் எண் விவகாரம் இல்லை. அண்ணன் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? வாட்ச் காட்டிய எண்ணைப் பார்த்து, "நீ நடக்கவே மாட்டேங்கற, அதான் கால் இறுகுது" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அவரும் எண்ணைக் கூட்டுவதற்காக ஒரே நாளில் மூன்று முறை மேடு ஏறி இறங்கினார். அடுத்த இரண்டு நாள் இடுப்பு வலியில் படுத்தே இருந்தார். அந்த ரெண்டு நாள் எண்ணிக்கை இன்னும் குறைவு, பேச்சு இன்னும் அதிகம். தப்பான எண் ஒரு மனுஷனைச் சோம்பேறி ஆக்கிவிடும், உடம்பையும் கெடுக்கும்.

மேடும் இதயமும்

மலையில் இன்னொரு சிக்கல். அடி எண்ணிக்கைக்கு மேடு, பள்ளம் தெரியாது. சமதளத்தில் 200 அடியும் ஏற்றத்தில் 200 அடியும் அதற்கு ஒன்றே. ஆனால் உடம்புக்கு அப்படி இல்லை. அதிலும் பெருமூளை வாதம் உள்ளவர்களுக்குச் சமதளத்தில் நடப்பதற்கே மற்றவர்களைவிட அதிக ஆற்றல் செலவாகும். ஒரு தசை இழுக்கும்போது எதிர்த் தசையும் சேர்ந்து இழுக்கிறது. பிரேக்கை மிதித்தபடி வண்டி ஓட்டுகிற மாதிரி.

இதைக் கணக்கிடப் பிசியோதெரபியில் ஒரு எளிய வழி உண்டு. நடக்கும்போது உள்ள நாடித் துடிப்பிலிருந்து ஓய்வில் உள்ள துடிப்பைக் கழியுங்கள். வரும் எண்ணை, நிமிஷத்துக்கு எத்தனை மீட்டர் நடந்தீர்கள் என்பதால் வகுங்கள். கிடைப்பது, ஒரு மீட்டர் நடக்க இதயம் கூடுதலாக எத்தனை முறை துடிக்கிறது என்பது.

ஒரு உதாரணம் வெச்சுக்குங்க. ஓய்வில் 80. சமதளத்தில் நடக்கும்போது 116, நிமிஷத்துக்கு 30 மீட்டர். 36-ஐ 30-ஆல் வகுத்தால் 1.2. அதே ஆள் ஏற்றத்தில்: துடிப்பு 130, நிமிஷத்துக்கு 20 மீட்டர். 50-ஐ 20-ஆல் வகுத்தால் 2.5. ஒரு மீட்டருக்கான செலவு இரண்டு மடங்குக்கு மேல். பாதிப்பு இல்லாத பெரியவர்களுக்குச் சமதளத்தில் இந்த எண் பொதுவாக 0.5-க்குக் கீழேதான் இருக்கும். ரேஷன் கடைக்குப் போய் வருவது ஏன் அவரைப் பாதி நாள் படுக்க வைக்கிறது என்பது இந்தக் கணக்கில் தெரியும், அடி எண்ணிக்கையில் தெரியாது.

ஆனால் துடிப்பை எதில் அளப்பது? வாட்சின் அடியில் பச்சை விளக்கு எரியும், பார்த்திருப்பீங்க. அந்த ஒளி தோலுக்குள் போய்த் திரும்பும்போது ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைப் படிக்கிறது. ஊன்றுகோலை இறுக்கிப் பிடிக்கும்போதும், மணிக்கட்டு மடங்கியிருக்கும்போதும், கை தானாக அசையும்போதும் இந்த அளவு குழம்பும். அதற்கு மாற்று, நெஞ்சில் கட்டும் பட்டை. அது இதயத்தின் மின்சார அலையையே படிக்கிறது. அதுவும் இல்லையென்றால், பழைய வழி: நின்ற உடனே கூட இருப்பவர் நாடியைப் பிடித்து 15 விநாடி எண்ணி, நான்கால் பெருக்குவது. செலவே இல்லை. இதய நோய், மயக்கம், நெஞ்சுவலி ஏதாவது இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம்.

வாட்ச் காட்டும் கலோரி எண்ணைப் பற்றி ஒரே வரி: பார்க்காதீர்கள். அது உங்கள் உடம்பை நேரடியாக அளந்த எண் இல்லை, ஒரு மதிப்பீடுதான்.

கருவியை நீங்களே சோதிப்பது எப்படி

சரி, அப்ப வாட்சைத் தூக்கிப் போட்டுடலாமா? வேண்டாம். பொறியியலில் ரெண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்ப்போம். ஒரு கருவி தவறாகக் காட்டுவது ஒன்று. ஒவ்வொரு முறையும் வேறு வேறு மாதிரி தவறாகக் காட்டுவது இன்னொன்று. எப்போதும் ஒரு கிலோவுக்கு 900 கிராம் காட்டும் தராசை வைத்துக்கொண்டு வியாபாரம் பார்க்கலாம், கணக்குத் தெரிந்தால் போதும். ஒருமுறை 900, ஒருமுறை 400 காட்டும் தராசு குப்பைக்குத்தான்.

அதைக் கண்டுபிடிக்க 100 அடிச் சோதனை. கூட ஒருவர் வேண்டும். நீங்கள் வழக்கமாக நடக்கிற மாதிரி நடங்கள். அவர் வாய்விட்டு 100 எண்ணட்டும். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் வாட்ச் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் மூன்று முறை, ஏற்றத்தில் மூன்று, இறக்கத்தில் மூன்று. ஒரே நாளில் செய்ய வேண்டாம், களைப்பே முடிவை மாற்றிவிடும்.

சமதளத்தில் 58, 61, 60 என்று வந்தால், உங்கள் வாட்ச் குறைவாக எண்ணுகிறது, ஆனால் நிலையாக எண்ணுகிறது. பயன்படுத்தலாம். 1,800 காட்டினால் உண்மையில் சுமார் 3,000 என்று வைத்துக்கொள்ளலாம். 20, 75, 45 என்று வந்தால் அந்தக் கையில், அந்தக் கருவியை நம்ப வேண்டாம். அதோடு, கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். அப்போதும் எண் ஏறினால், எவ்வளவு ஏறுகிறது என்று எழுதி வையுங்கள்.

நிலையாக வரவில்லையா? இடத்தை மாற்றுங்கள். கணுக்காலில் கட்டினால் பலருக்கு எண்ணிக்கை நன்றாகத் தேறும். காலடியை அளக்கக் காலைவிட நல்ல இடம் எது? ஆராய்ச்சியில் கணுக்காலில் கட்டும் "ஸ்டெப்வாட்ச்", தொடையில் ஒட்டும் "ஆக்டிவ்பால்" என்று தனிக் கருவிகளே இருக்கின்றன. தொடையில் இருப்பதற்கு ஒரு கூடுதல் பலன்: தொடை கிடைமட்டமாக இருந்தால் உட்கார்ந்திருக்கிறீர்கள், செங்குத்தாக இருந்தால் நிற்கிறீர்கள். எத்தனை முறை எழுந்தீர்கள் என்று அதற்குத் தெரியும். இவை விலை அதிகம், வீட்டுக்கு வாங்கத் தேவையில்லை. சாதாரண பேண்டையே பாதிப்பு குறைவான காலில் கட்டி அதே 100 அடிச் சோதனையைச் செய்து பாருங்கள். காலிப்பர் போடுபவர்கள் அதன் பட்டைக்கு மேல் கட்டலாம். தோலில் கட்டினால் தினமும் கழற்றிப் பாருங்கள். காலில் உணர்ச்சி குறைவாக இருந்தால் பட்டை அறுத்துப் புண்ணாவது தெரியாமலே போகலாம்.

அண்ணனுக்குக் கணுக்காலில்தான் சரிப்பட்டது. மணிக்கட்டில் தாறுமாறாக வந்த எண் காலில் நிலையாக வந்தது.

வீல்சேரில் இருப்பவர்களுக்கு அடி என்பதே அர்த்தமில்லாத அலகு. ஆப்பிள் வாட்சில் 2016-லிருந்து வீல்சேர் பயன்முறை இருக்கிறது. சக்கரத்தைத் தள்ளுவதை எண்ணும், "எழுந்து நில்லுங்கள்" என்று நினைவூட்டுவதற்குப் பதில் வேறு மாதிரி நினைவூட்டும். அது கையால் தானே தள்ளுகிறவர்களுக்கு. வேறொருவர் தள்ளும் நாற்காலியில் இருப்பவருக்கு எண்ண வேண்டியது வேறு: ஒரு நாளில் எத்தனை முறை நிலை மாறினார், எவ்வளவு நேரம் தொடர்ந்து ஒரே நிலையில் இருந்தார். அதற்கு ஒரு சுவர்க் கடிகாரமும் நோட்டும் போதும்.

இரண்டு வாரக் காகிதம்

கருவி நிலையாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, இரண்டு வாரம் எந்த இலக்கும் வைக்காமல் சும்மா அணியுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் எல்லோரும் கொஞ்சம் கூடுதலாக நடப்பார்கள், யாரோ பார்க்கிற மாதிரி இருக்கும். அந்த நாட்களை விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு இரவும் ஒரு தாளில் ஐந்து விஷயம்: அடி எண்ணிக்கை, வலி 0 முதல் 10-க்குள் எவ்வளவு, களைப்பு அதே மாதிரி, விழுந்தீர்களா, அன்று சிறப்பாக என்ன நடந்தது. மழை, ரேஷன், கல்யாணம், போளூர் வரை பஸ் பயணம், எதுவானாலும். மலையில் பல ஊர்களில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், ஆப் எப்போது சிங்க் ஆகும் என்று சொல்ல முடியாது. காகிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

இரண்டு வார எண்களை ஏறுவரிசையில் எழுதி நடுவில் இருப்பதை எடுங்கள். அது உங்கள் வழக்கமான நாள். சராசரி வேண்டாம், ஒரு திருவிழா நாள் சராசரியை இழுத்துவிடும். சாதாரண நாட்களுக்குள்ளேயே 300 அடி ஏறி இறங்குகிறது என்றால், 200 குறைந்ததற்குக் கவலைப்படத் தேவையில்லை. ஆனால் நடு எண் மாதா மாதம் இறங்கிக்கொண்டே போனால் அது செய்தி.

அண்ணனின் காகிதத்தில் இரண்டு வாரத்திலேயே ஒன்று பளிச்சென்று தெரிந்தது. அதிகம் நடந்த ஒவ்வொரு நாளுக்கும் மறுநாள் வலி எண் ஏறியிருந்தது, அடி எண்ணிக்கை விழுந்திருந்தது. அவருக்குத் தேவை அதிக நடை இல்லை, பங்கிட்ட நடை. இப்போது ஏற்றத்தை ஒரே மூச்சில் ஏறுவதில்லை, நடுவில் உட்கார்ந்து போகிறார். சாமான் வாங்கும் நாளில் திரும்பும்போது யாராவது வண்டியில் ஏற்றி வருகிறார்கள். வீட்டிலும் அரை மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில் ஒருமுறை எழுந்து இரண்டு நிமிஷம் நிற்கிறார். மாத மொத்தம் முன்பைவிடக் கூடுதல். வீட்டில் "சோம்பேறி" என்ற பேச்சு நின்றது. எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

அந்தக் காகிதத்தை எங்கே கொண்டுபோவது? தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபியும் சேர்ந்திருக்கிறது. அவரிடம் காட்டுங்கள். மலையிலிருந்து வேலூர் போக முடிந்தவர்களுக்கு, சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் பாகாயத்தில் இருக்கிறது. 1966-ல் தொடங்கியது. அதற்கு வித்திட்ட டாக்டர் மேரி வர்கீஸ் விபத்தில் கால்கள் செயலிழந்து, வீல்சேரிலிருந்தபடியே அறுவைசிகிச்சை செய்தவர். டாக்டரைப் பார்க்கும் நேரம் கொஞ்சம்தான். "முன்ன மாதிரி நடக்க முடியல சார்" என்று சொல்வதைவிட, "ஆறு மாசத்துல என் வழக்கமான நாள் 3,000-லிருந்து 2,200 ஆயிடுச்சு, ரெண்டு தடவை விழுந்தேன்" என்று சொன்னால் பேச்சு வேறு மாதிரி போகும். இறுக்கமா, இடுப்பு மூட்டா, கழுத்தில் நரம்பு அழுத்தமா என்று தேடத் தொடங்குவார்கள். "உங்களுக்கு இது பிறவியிலேயே இருக்கறதுதானே" என்று அனுப்பிவைப்பது கடினமாகும்.

எண் யாருடையது

கடைசியாக ஒன்று. பெருமூளை வாதம் உள்ளவருக்கு வயது முப்பத்தைந்து ஆனாலும் வீட்டில் குழந்தை மாதிரியே நடத்துவது நம்மிடம் உண்டு. பேச்சு குழறினால் அறிவும் குறைவு என்று நினைப்பதும் உண்டு. இரண்டும் தவறு. அதனால் வாட்சைக் கட்டிவிட்டு, ஆப்பை அண்ணன் தம்பி போனில் போட்டுக்கொண்டு, எங்கே போனார், எவ்வளவு நடந்தார் என்று அவருக்குத் தெரியாமல் பார்ப்பது உதவி இல்லை, கண்காணிப்பு. கணக்கு அவர் பெயரில் இருக்கட்டும். யாருக்குக் காட்டுவது என்று அவரே முடிவு செய்யட்டும். 2023-ம் ஆண்டின் தனிநபர் எண்ணியல் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையும் ஒப்புதல்தான்.

வேலை செய்யும் இடத்தில் "எல்லோரும் 10,000 அடி, ஜெயித்தால் பரிசு" என்று போட்டி வைத்தால், உங்கள் அளவுகோல் வேறு என்று தயங்காமல் சொல்லுங்கள். காப்பீடு கொடுப்பவர்கள் அடி எண்ணிக்கை கேட்டால், அது உங்கள் உடம்புக்குச் சரிபார்க்கப்பட்ட எண்ணா என்று திருப்பிக் கேளுங்கள்.

என்னைப் போல நிரல் எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நடையை எண்ணும் நிரலைச் சோதிக்கும்போது ஊன்றுகோல் பிடித்து நடப்பவர், காலை இழுத்து நடப்பவர், வீல்சேரில் போகிறவர் எல்லோரையும் கூப்பிடுங்கள், அவர்களுக்குச் சம்பளமும் கொடுங்கள். அது முடியாவிட்டால் குறைந்தபட்சம், "இந்த எண்ணிக்கையை நானே திருத்திக்கொள்கிறேன்" என்று ஒரு செட்டிங் வையுங்கள். 100 அடிச் சோதனையை வாட்சே நடத்தி, அந்த ஆளுக்கேற்ற அளவை வைத்துக்கொள்வது ஒன்றும் பெரிய வேலை இல்லை.

இன்று சொன்னதில் செய்து பார்க்க வேண்டியது மூன்று. 100 அடிச் சோதனை, சரிவராவிட்டால் கணுக்கால். இலக்கில்லாத இரண்டு வாரம். பிறகு உங்களை உங்களோடு மட்டும் ஒப்பிடுவது.

செய்து பார்த்தவர்கள் உங்கள் ஒன்பது எண்களையும் குரல்பதிவாக அனுப்புங்கள். எந்த இடத்தில் கட்டினீர்கள், எந்தத் தரையில் நடந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த எபிசோடில், வீல்சேர் போக முடியாத தெருக்களை மேப்பில் எப்படிக் குறிப்பது என்று பேசலாம்.